வரையாட்டுக் கிடாவும் வெள்ளாட்டுப் பெட்டையும்: ராஜமலைக்கு ஒரு பயணம்

‘என்கிட்ட 40 வெள்ளாடு இருக்குதுங்க. அடைமழை வந்தா குட்டிக சளி புடிச்சுச் சாகுது. மலையில மழையிலயும் பனியிலயும் நிக்கிற வரையாட்டுக் கிடாயை நம்ம பெட்டையோட சேர்த்தா, நோய் தாங்குற குட்டி கிடைக்குமுங்களா?’

தாராபுரம் பக்கத்திலிருந்து ஒரு வாசகர் இப்படிக் கேட்டிருந்தார். கேள்வி-பதில் பகுதியில் இரண்டே வரியில் முடித்திருக்கலாம். சட்டப்படி முடியாது, இயற்கைப்படியும் முடியாது, அவ்வளவுதான். ஆனால், கேட்டவரின் குட்டிகள் செத்துக்கொண்டிருக்கின்றன. நானும் உடுமலைப் பக்கம் ஆடு வளர்ப்பவன். அந்த ஆற்றாமை எனக்குத் தெரியும். அதனால், ஒரு நடை போய் அந்த ஆட்டைப் பார்த்துவிட்டு வந்து எழுதலாம் என்று தோன்றியது.

அதற்கு முன்னால் ஒரு தப்பை ஒப்புக்கொண்டு விடுகிறேன். சில வருடங்களுக்கு முன் குடும்பத்தோடு வால்பாறை போனோம். ஆழியாறிலிருந்து ஏறினால் 40 கொண்டை ஊசி வளைவு. ஒன்பதாவது வளைவில் வண்டியை நிறுத்தி எல்லோரும் அணையைப் பார்ப்பார்கள். அங்கே தடுப்புச் சுவர் மேல் நான்கைந்து வரையாடுகள் நின்றிருந்தன. மகள் ஆசைப்பட்டாள். கையில் ஒரு சீப்பு பூவன்பழம் இருந்தது. உரித்துக் கொடுத்தேன்; கையிலிருந்தே வாங்கித் தின்றது. அந்தப் படம் இன்னும் எங்கள் வீட்டுச் சுவரில் தொங்குகிறது.

களத்தில் கொட்டியிருந்த மக்காச்சோளத்தைத் தின்றுவிட்டு, வயிறு ஊதி விடிவதற்குள் செத்துப்போன இரண்டு ஆட்டைக் குழியில் போட்டவன் நான். புல்லுக்குப் பழகிய வயிற்றில் மாவும் சர்க்கரையும் ஒரேயடியாகப் போனால், முதல் இரைப்பையில் அமிலம் ஏறிவிடும். என் பட்டியில் நான் செய்யாததை மலை ஆட்டுக்குச் செய்தேன். அதைவிடப் பெரிய கெடுதல் ஒன்று இருக்கிறது. தின்பண்டத்துக்குப் பழகிய தாய் பாறையை விட்டு ரோட்டுக்கு வரும். குட்டி தாயைப் பார்த்துத்தான் மேயக் கற்றுக்கொள்கிறது. வளைவில் திரும்பும் லாரிக்கு முன்னால் நிற்கவும் அப்படித்தான் கற்றுக்கொள்ளும்.

இந்த முறை துணைக்கு மச்சானைக் கூப்பிட்டுக்கொண்டேன். அவர் ஆட்டு வியாபாரி. எந்த ஆட்டைப் பார்த்தாலும் முதுகைத் தடவாமலே உயிர் எடை எவ்வளவு, கறி எவ்வளவு என்று சொல்லிவிடுவார். இரவிகுளம் தேசியப் பூங்கா பிப்ரவரி, மார்ச் மாதங்களில் குட்டி ஈனும் காலத்துக்காக மூடியிருக்கும். திறந்த கையோடு ஏப்ரலில் கிளம்பினோம்.

உடுமலையிலிருந்து மூணாறு சுமார் 85 கிலோமீட்டர். ஒன்பதாறு சோதனைச்சாவடியைத் தாண்டினால் சின்னாறு. மழை மறைவுப் பிரதேசம் என்பதால் முள்ளும் கள்ளியுமாக நம் ஊர்க் காடு மாதிரியே இருக்கும். மறையூரில் கரும்பும் வெல்ல ஆலையும் சந்தன மரமும். அதற்கு மேல் காற்று குளிரத் தொடங்கும். ரோட்டோரமாகவே லக்கம் அருவி கொட்டுகிறது. அப்புறம் தேயிலை, தேயிலை, தேயிலை. ராஜமலை ஐந்தாவது மைலில் நம் வண்டியை விட்டுவிட்டு, வனத்துறை வண்டியில் ஏற வேண்டும். இறக்கிவிடும் இடத்திலிருந்து தார் ரோட்டில் நடக்கலாம். ரோட்டை விட்டு இறங்கக் கூடாது.

இருபது தப்படி நடந்திருப்போம். ரோட்டோரக் கல்மேட்டில் ஒரு பெட்டை படுத்து அசைபோட்டுக்கொண்டிருந்தது. பக்கத்தில் இரண்டு மாதக் குட்டி. மச்சான் முதலில் பார்த்தது மடியைத்தான்.

“ரெண்டு காம்புதான் மாப்ள, நம்முளுது மாதிரியே.”

அவர் சொன்னது சாதாரண விஷயம் இல்லை. இமயமலையிலும் இதே மாதிரி ஒரு மலையாடு உண்டு. அதற்கு நாலு காம்பு. நீண்ட காலம் இரண்டையும் ஒரே வகையாகத்தான் விஞ்ஞானிகள் வைத்திருந்தார்கள். 2005-ல் மரபணுவைப் பார்த்தபோதுதான் விஷயம் வேறு என்று தெரிந்தது. இமயமலைக்காரன் வெள்ளாட்டுக்குப் பக்கம். நம் மேற்குத்தொடர்ச்சி மலை வரையாடோ, செம்மறிக்குப் பக்கம். அதனால் இதற்கென்று தனிப் பேரினமே வைத்துவிட்டார்கள். உலகத்தில் தமிழ்நாடு, கேரளா மலைகளைத் தவிர வேறெங்கும் இது இயற்கையாக இல்லை.

தாராபுரம் வாசகரின் கேள்விக்கு இயற்கை சொல்லும் பதில் இதில் இருக்கிறது. வெள்ளாட்டுக்கு 60 குரோமோசோம், செம்மறிக்கு 54. இரண்டையும் ஒரே பட்டியில் அடைத்து வளர்க்கிறோம். எத்தனை பேர் கலப்புக் குட்டி பார்த்திருக்கிறோம்? அபூர்வமாகச் சினை பிடித்தாலும் பெரும்பாலும் தங்காது. பேரில் ‘ஆடு’ இருப்பதால் எல்லாம் ஒரே சாதி ஆகிவிடாது. ‘வரை’ என்றால் மலை. மலையில் இருப்பதால் வரையாடு. சங்கப் பாடல்களில் இதற்கு வருடை என்று பெயர். மலையாளத்திலும் வரையாடுதான்.

மேலே ஏற ஏற, ஆடுகள் கூடின. பெரும்பாலும் பெட்டைகளும் குட்டிகளும். குட்டை மயிர், சாம்பல் கலந்த பழுப்பு நிறம், பின்பக்கமாக வளைந்த கொம்பு. பெட்டை நம் நல்ல வளர்ப்புக் கிடா அளவு இருக்கும், 50 கிலோவுக்குக் குறையாது. எதிர்ச்சரிவில், கையகல விளிம்பு மட்டும் இருக்கிற பாறையில், ஒரு குட்டி குறுக்கே ஓடியது. எனக்கு அடிவயிறு கூசியது. குளம்பின் விளிம்பு கடினமாகவும், நடுப்பகுதி ரப்பர் மாதிரி மெத்தென்றும் இருக்கும். விளிம்பு ஊன்றிக்கொள்ளும், நடு பற்றிக்கொள்ளும். நம் ஆட்டுக்குச் சேற்றில் நின்று குளம்பு அழுகுவதைப் பார்த்துப் பார்த்து அலுத்த கண்ணுக்கு அது பெரிய காட்சி.

“கிடா எங்கே?” என்றார் மச்சான். கிடா பார்க்காமல் அவருக்கு ஆடு பார்த்த மாதிரி இல்லை.

அங்கே காவல் பணியில் இருந்தவர் முதுவர் இனத்துப் பெரியவர். நம்மோடு தமிழிலேயே பேசினார். அவர் கை காட்டிய திசையில், வெகுதூரத்தில், வானத்தை ஒட்டி ஒரு கரிய உருவம். இருநோக்கியைக் கொடுத்தார். முழு உடம்பும் கரும்பழுப்பு. முதுகில் மட்டும் வெள்ளிச் சாம்பல், குதிரைக்குச் சேணம் போட்ட மாதிரி. வயது முதிர்ந்த கிடாவுக்குத்தான் அந்தச் சேணம் வரும். தாடி கிடையாது. மச்சான் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, “நூறு கிலோ நிக்கும்” என்றார். புத்தகத்திலும் 80-லிருந்து 100 வரை என்றுதான் போட்டிருக்கிறது. அத்தனை தூரத்திலிருந்து!

“இப்ப அவங்க தனியா இருப்பாங்க. மழை புடிச்சு ஊத்தும்போதுதான் பொட்டைக்கிட்ட வருவாங்க” என்றார் பெரியவர். ஜூலை, ஆகஸ்ட்டில், தென்மேற்குப் பருவமழை கொட்டும்போது, மேகத்துக்குள் கிடாக்கள் மோதிக்கொள்ளும். சினைக்காலம் சுமார் ஆறு மாதம். நம் வெள்ளாட்டைவிட ஒரு மாதம் அதிகம். ஜனவரி, பிப்ரவரியில் ஈற்று. ஒரு ஈற்றுக்கு ஒரே குட்டி. இரட்டை என்பது அபூர்வம்.

“குட்டி எல்லாம் தங்குமா?” என்று கேட்டேன்.

“எல்லாம் எங்கே தங்கும்? சிறுத்தை இருக்கு, செந்நாய் இருக்கு, குளிர் இருக்கு. செத்ததை நீங்க பாக்க மாட்டீங்க. நிக்கிறதைத்தான் பாப்பீங்க.”

இதை வாசகர் கொஞ்சம் நின்று யோசிக்க வேண்டும். நாம் மலையில் பார்ப்பது பிழைத்த ஆடுகளை மட்டும். பிறந்ததில் கணிசமான குட்டிகள் முதல் வருடத்தைத் தாண்டுவதில்லை. வரையாடு நோயே வராத ஆடு இல்லை. இழப்பை யாரும் கணக்குப் பார்க்காத ஆடு, அவ்வளவுதான். நம் பட்டியில் ஒரு குட்டி போனால் அது வீட்டுக் கணக்கில் விழுகிறது.

பெரியவர் அடுத்து காட்டியது ஆட்டை அல்ல, புல்லை. தூரத்திலிருந்து பச்சைக் கம்பளம் மாதிரி தெரிகிறது. கிட்டத்தில் பார்த்தால் முட்டி உயரத்துக்குக் கொத்துக் கொத்தாக, முற்றிய இடத்தில் துடைப்பக்குச்சி மாதிரி விறைப்பு. அந்த முற்றலை ஆடு தொடுவதில்லை. இளந்துளிரைத் தேடித்தேடிப் போகிறது. அதிகாலையும் சாயங்காலமும் மேய்ச்சல், வெயில் நேரத்தில் பாறையில் படுத்து அசை. எத்தனை நல்ல புல்லாக இருந்தாலும், ஓடி ஏறிக்கொள்ளப் பாறை பக்கத்தில் இல்லாவிட்டால் அங்கே மேயாது. ஆபத்து என்று ஒன்று பார்த்துவிட்டால் சீழ்க்கை அடித்த மாதிரி ஒரு சத்தம். மொத்தக் கூட்டமும் பாறையில் ஏறிவிடும். மரங்கள் மலையின் மடிப்புகளில் மட்டும், பொட்டலம் கட்டி வைத்த மாதிரி நிற்கின்றன. அது சோலைக்காடு. மீதிச் சரிவெல்லாம் புல். டிசம்பர், ஜனவரியில் உறைபனி விழுகிற சரிவில் மரக்கன்று தங்குவது கஷ்டம், புல் தங்கும்.

எங்கள் பக்கம் கொறங்காடு தெரியாதவர்கள் இருக்க மாட்டார்கள். கிளுவை வேலி, வெள்வேல மரம், கொழுக்கட்டைப் புல். ஒரு காட்டை மேய்த்து, ஒரு காட்டை ஆறப்போட்டு, தலைமுறை தலைமுறையாக ஆடு மாடு பிழைத்தது அதில்தான். ஆனால், வெளியூரிலிருந்து நிலம் வாங்க வருகிறவர் பார்த்துவிட்டு என்ன சொல்கிறார்? ‘தரிசாப் போட்டிருக்கீங்களே.’

மலைப் புல்வெளிக்கும் அதே கதிதான். மரம் இல்லாத இடம் வீணாய்க் கிடக்கிற இடம் என்று நினைத்தார்கள். வெள்ளைக்காரர் காலத்தில் தேயிலை வந்தது. ஆஸ்திரேலியாவிலிருந்து தைல மரமும், ஊட்டிப் பக்கம் சீகை மரம் என்று சொல்கிற வாட்டிலும் வந்தன. சுதந்திரத்துக்குப் பிறகும் விறகுக்கு, தோல் பதனிடும் பட்டைக்கு, ஆலைகளின் கூழுக்கு என்று புல்வெளி நெடுக நட்டார்கள். சீகையின் விதை மண்ணுக்குள் பல வருடம் உறங்கும். வெட்டினாலும் எரித்தாலும் திமுதிமுவென்று முளைக்கும். பழனி மலையைச் செயற்கைக்கோள் படங்களை வைத்து ஆராய்ந்து 2018-ல் ஒரு கட்டுரை வந்தது. 40 வருடத்தில் மூன்றில் இரண்டு பங்கு புல்வெளி போய்விட்டது. மரத்துக்கு அடியில் புல் இல்லை. புல் இல்லாத இடத்தில் வரையாடு இல்லை. அடர்ந்த மரத்துக்குள் சிறுத்தை எங்கே நிற்கிறது என்று அதற்குத் தெரியாது.

இரவிகுளம் தப்பித்தது கொஞ்சம் விசித்திரமான கதை. இதைத் தேயிலைத் தோட்டத்து துரைமார் வேட்டைக்கும் மீன்பிடிக்கும் ஒதுக்கி வைத்திருந்தார்கள். அதனால்தான் தேயிலை இங்கே ஏறவில்லை. 1971-ல் கேரள அரசு சட்டம் போட்டு இந்த மலைகளை எடுத்துக்கொண்டது. 1975-ல் சரணாலயம், 1978-ல் தேசியப் பூங்கா. 97 சதுர கிலோமீட்டர்தான். அதற்குள் சுமார் 800 வரையாடு. உலகத்திலேயே பெரிய கூட்டம் இதுதான். வேட்டைக்கு வைத்த இடம் அடைக்கலமாகிவிட்டது.

‘ஆட்டுக்காகப் புல்வெளியை வைத்தால் எனக்கென்ன?’ என்று கேட்கலாம். தாராபுரம் வாசகர் கேட்க முடியாது. லக்கம் அருவி என்று சொன்னேன் அல்லவா, அது இரவிகுளம் பீடபூமியில் உற்பத்தியாகிற ஓடை. கீழே இறங்கிப் பாம்பாற்றில் சேர்கிறது. பாம்பாறும் சின்னாறும் தேனாறும் சேர்ந்ததுதான் அமராவதி அணைத் தண்ணீர். அதுதான் உடுமலை, மடத்துக்குளம், தாராபுரம் வழியாகப் போய்க் கரூர்ப் பக்கம் காவிரியில் கலக்கிறது. பழனி மலையிலிருந்து வரும் சண்முகநதியும் அமராவதியில்தான் சேருகிறது. வரையாடு மேய்கிற புல்லின் வேருக்கடியில் ஊறி இறங்கின தண்ணீர், நம் வாய்க்காலில் ஓடுகிறது.

புல்வெளி தண்ணீர் தரும், மரம் உறிஞ்சும் என்றால் பலர் நம்புவதில்லை. மரம் நட்டால் மழை வரும் என்றுதானே பள்ளிக்கூடத்தில் படித்தோம்? நீலகிரியில் கிளன்மார்கனில் பக்கத்துப் பக்கத்து நீர்ப்பிடிப்பு இரண்டை எடுத்துக்கொண்டு, ஒன்றைப் புல்லாகவே விட்டு, மற்றதில் தைல மரம் நட்டு ஓடைத் தண்ணீரை அளந்தார்கள். முதல் பத்து வருடத்தில் தைல மரம் நட்ட பக்கம் தண்ணீர் 16 சதவிகிதம் குறைந்தது. கடைமடைக்குத் தண்ணீர் வரவில்லை என்று நாம் பொதுப்பணித்துறை அலுவலகத்தின் முன்னால் நிற்கிறோம். அதில் ஒரு பங்கு மலை உச்சியிலேயே தீர்மானமாகிவிடுகிறது.

தமிழ்நாட்டுக்கும் கடமை இருக்கிறது. வரையாடு நம் மாநில விலங்கு. 2022 டிசம்பரில் தமிழக அரசு வரையாட்டுக்கென்றே 25.14 கோடி ரூபாயில் திட்டம் அறிவித்தது. புல்வெளியை மீட்பதும் அதில் ஒரு வேலை. 1975-ல் மலை மலையாக ஏறி இந்த ஆடுகளை ஆராய்ந்து கணக்கெடுத்த ஈ.ஆர்.சி. டேவிடாரின் நினைவாக, அக்டோபர் 7 வரையாடு நாள். 2024 கணக்கெடுப்பில் தமிழ்நாட்டில் 1,031, 2025-ல் 1,303. ஒரே வருடத்தில் அத்தனை குட்டி பிறந்துவிட்டது என்று அர்த்தமில்லை; இரண்டாவது முறை கூடுதல் இடங்களில் எண்ணினார்கள். என் கணக்கில் அது நம் ஒரு வாரச் சந்தைக்கு வரும் ஆடுகூட இல்லை.

இன்னொரு விஷயத்தை அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. வாசகர் கேட்டது போல இரண்டையும் சேர்த்தால் குட்டி வராது. ஆனால் நோய் வரும். 2016-17-ல் மங்கோலியாவில் வீட்டு ஆடுகளிடமிருந்து ஆட்டுக்கொல்லி நோய் சைகா என்ற காட்டு மானுக்குப் பரவி, ஆயிரக்கணக்கில் செத்து விழுந்தன. மலையோர ஊர்களில் ஆடு மேய்ப்பவர்கள் தடுப்பூசியைத் தவறவிடாமல் போடுவதும், நோய் கண்ட ஆட்டைக் காட்டுப் பக்கம் ஓட்டாமல் இருப்பதும் இதனால்தான் முக்கியம். காட்டு ஆட்டுக்கு யாரும் ஊசி போடப் போவதில்லை. வரையாடு வனவிலங்குச் சட்டத்தின் முதல் பட்டியலில் இருக்கிறது. பிடிப்பதும் அடைப்பதும் சிறைக்குப் போகும் குற்றம்.

சரி, தாராபுரத்துக் குட்டிகளுக்கு என்ன வழி? வரையாட்டிடமிருந்து கிடாயை வாங்க முடியாது, பஞ்சாங்கத்தை வாங்கலாம். அது ஜனவரி, பிப்ரவரியில் ஈனுவதால், ஜூன் மழை வருவதற்குள் குட்டிக்கு நாலைந்து மாதம் ஆகிவிடுகிறது. நமக்கு அடைமழை அக்டோபர் முதல் டிசம்பர் வரை. அந்த மாதங்களில் பிறக்கும் குட்டிதான் முதலில் சாகிறது. வெள்ளாட்டுக்கு ஐந்து மாதம் சினை. ஆகவே மே முதல் ஜூலை வரை கிடாயைத் தனியாகக் கட்டுங்கள். ஆகஸ்ட், செப்டம்பரில் சேருங்கள். ஜனவரி, பிப்ரவரியில் ஈற்று வரும்; அடுத்த அடைமழைக்குள் குட்டி தேறிவிடும். மேய்ச்சலோடு கிடா திரிந்தால் இது நடக்காது. பட்டியில் தனித் தடுப்பு வேண்டும். பிறந்த ஒரு மணி நேரத்துக்குள் சீம்பால், தரையில் ஈரம் தங்காத பரண் கொட்டகை, பக்கத்தில் சாக்குப் படுதா, நேரத்துக்குக் குடற்புழு நீக்கம், ஆட்டுக்கொல்லிக்குத் தடுப்பூசி. சளி என்று நாம் சொல்வது பல நேரம் அந்த ஆட்டுக்கொல்லியாகவே இருக்கும். மூக்கு ஒழுகலோடு கழிச்சலும் வாயில் புண்ணும் இருந்தால், அன்றைக்கே கால்நடை மருத்துவரிடம் காட்டிவிடுங்கள்.

திரும்பும்போது லக்கம் அருவியில் வண்டியை நிறுத்தினோம். மச்சான் செருப்பைக் கழற்றிவிட்டு முழங்கால் தண்ணீரில் இறங்கி முகம் கழுவினார். ஐஸ் மாதிரி இருந்தது.

“இந்தத் தண்ணி தாராபுரம் போய்ச் சேர எத்தனை நாளாகும் மாப்ள?” என்றார்.

“அணையைத் தொறந்தாத்தானுங்க மச்சான்” என்றேன்.

வீட்டுக்கு வந்ததும் மகளிடம் விஷயத்தைச் சொன்னேன். வாழைப்பழப் படத்தைக் கழற்றிவிட்டாள். ஆணி மட்டும் இருக்கிறது. மச்சான் தூரத்திலிருந்து எடுத்த கிடா படம் கொஞ்சம் மங்கல்தான். சேணம் தெரிகிறதா என்று இன்னும் பார்த்துக்கொண்டிருக்கிறோம்.